வெட்டுப்புள்ளிக்கு மேலே நிற்பதும் பத்து வயதுப் பிள்ளைதான்

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வெளியானதும் பாடசாலை வாசலிலும் ரியூசன் மதிலிலும் பதாகைகள் ஏறிவிடும். பிள்ளையின் படம், 200க்கு எடுத்த புள்ளி, கீழே வாழ்த்துவோர் பெயர்கள். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகளும் அந்தப் பதாகையைக் கடந்துதான் தினமும் வகுப்புக்குப் போகிறார்கள். நேற்றுவரை தங்களோடு கிளித்தட்டு மறித்தவன் ஒரே இரவில் வேறு பிறவியாகிவிடுகிறான்.

வீட்டிலும் அதே கதைதான். "அவனைப் பார், அவனும் சோறுதானே தின்னுறான்!" சொல் உண்மை, சொல்லும் விதம்தான் பிழை. ஏசும்போது சொன்னால் அந்தக் கூட்டாளி எதிரியாகிவிடுவான்.

இந்த வெறிக்கு எங்களிடம் காரணம் இருக்கிறது. வீடும் காணியும் நகையும் போன பின்னும் படிப்பை யாரும் பறிக்கமுடியாது என்று நம்பிய சனம் நாங்கள். 2009இல் மெனிக் பாம் முகாம்களுக்குள் இருந்தும் பிள்ளைகள் இந்தப் பரீட்சையை எழுதினார்கள். அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதன் முழுப் பாரத்தையும் பத்து வயதுத் தோளில் ஏற்றுகிறோம்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு மூளை முன்னே ஓடும்; மனம் வயதோடுதான் வளரும். கடினமான கணக்கை நொடியில் செய்பவன் விளையாட்டில் தோற்றால் விம்மி அழுவான். கூட்டாளிகள் விலகுவார்கள் என்று பயந்து தெரிந்த விடையையும் சொல்லாமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு.

புகழ்ச்சியும் அவர்களைக் காப்பாற்றாது. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கிளோடியா முல்லரும் கரோல் டுவெக்கும் செய்த ஆய்வு 1998இல் வெளியானது. "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பிள்ளைகள், அடுத்து வந்த கடினமான கேள்விகளில் சறுக்கியதும் சோர்ந்துபோனார்கள். பலர் தாங்கள் எடுத்த புள்ளியைக் கூட்டிச் சொன்னார்கள். முயற்சியைப் பாராட்டப்பட்டவர்கள் மேலும் முயன்றார்கள்.

"அம்மா, நான் மொக்கா?" என்று உங்கள் பிள்ளை கேட்டால், "இல்லை, நீயும் கெட்டிக்காரன்" என்று அவசரப்பட்டுச் சமாளிக்காதீர்கள். பிள்ளை நம்பாது. "கணக்கு அவனுக்குக் கெதியா பிடிபடுது. சைக்கிள் உனக்குக் கெதியா பிடிபட்டதுதானே? அவனுக்கும் இருட்டுக்குப் பயம், அவனுக்கும் அம்மா ஏசுவா" என்று சொல்லுங்கள். அவனது புள்ளியை விசாரிக்காமல், இன்று அவனோடு என்ன விளையாடினாய் என்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று: முதலில் முடித்த பிள்ளையிடம் மற்றவர்களின் கொப்பிகளைத் திருத்தக் கொடுக்காதீர்கள். அது அவனை வகுப்பின் பொலிஸ்காரன் ஆக்கிவிடும். அளப்பவர், வரைபவர், எழுதுபவர், பேசுபவர் என்று எல்லோரும் தேவைப்படும் குழுவேலையில் அவனையும் ஒருவனாகச் சேருங்கள்.

தரம் 6க்கு அவன் நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போகக்கூடும். அங்கே அவனைப்போலச் சித்தியடைந்து வந்தவர்கள் நிறையப் பேர். முதன்முறையாக அவன் வகுப்பில் நடுவில் நிற்பான். விடுமுறைக்கு ஊர் வரும்போது, பழையபடி கிளித்தட்டுக்குக் கூப்பிட நாலு பேர் அவனுக்கு இருக்கவேண்டும்.