கச்சையும் சாயவேரும்: தீவக உடைவரலாறு பற்றிய ஒரு குறிப்பு

உடையின் வரலாறு உழைப்பின் வரலாற்றினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. உடைகளுள் மிக எளியதாகிய கோவணத்திற்கும் இது பொருந்தும். சரவணை, வேலணை, நாரந்தனை முதலிய ஊர்களை உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தீவகத்தில், கச்சை எனவும் வழங்கப்பட்ட இவ்வுடையை, அக்கரையோர மணலில் அகழப்பட்ட சாயவேருடன் இணைத்து நோக்குவதே எமது நோக்கமாகும்.

கோவணத்திற்குத் தையல் வேண்டுவதில்லை. ஏறத்தாழ ஒரு சாண் அகலமான நீண்ட துணித்துண்டும் அரைஞாணுமே போதுமானவை. துண்டின் ஒரு தலைப்பை முன்புறத்தே அரைஞாணிற் செருகி, துணியைக் கால்களினிடையே கொணர்ந்து, மறுதலைப்பைப் பின்புறத்தே இறுகச் செருகுவர். பழைய வேட்டியைக் கிழித்தே இதனைப் பெற்றுக்கொள்ளலாம். பனையேறுவோனுக்குக் காலைத் தடுக்காமலும், களங்கடலில் வலையிழுப்போனுக்கு விரைவில் உலர்ந்தும் உதவிய உடை இது. எனவே அதன் தோற்றத்தைத் தொழிலின் தேவையிலும் வறுமையிலும் ஒருங்கே தேடுதல் வேண்டும்.

சமயமரபு இதே உடையைப் போற்றியது. பழனியாண்டவர் கோவணத்துடனேயே காட்சி தருகின்றார். பெரியபுராணங் கூறும் அமர்நீதி நாயனார், அடியார்க்குக் கோவணம் ஈந்த வணிகர். ஆயின் துறவியின் அரையிற் புனிதமாகக் கொள்ளப்பட்ட துணி, உழைப்பாளியின் அரையில் இழிவின் குறியாகக் கொள்ளப்பட்டது. துறவி விரும்பி ஏற்றான்; உழைப்பாளி மீது அது சுமத்தப்பட்டது. வேறுபாடு துணியிலன்றிச் சமூக உறவிலேயே அமைந்தது.

யப்பானிய ஒப்புமை இதனைத் தெளிவாக்கும். அங்கு புண்டோஷி எனப்படும் கோவணத்தைப் போர்வீரரும் கூலியாட்களும் ஒருங்கே அணிந்தனர். அதன் ஒரு வகை ஆறு சியாக்கு நீளத்தாற் பெயர்பெற்றது. பின்புறத்தே முறுக்கிக் கட்டப்படுவது. மேனாட்டு உள்ளாடை பரவியபின் அன்றாட வழக்கினின்றும் நீங்கியபோதிலும், விழாக்களில் இன்றும் அணியப்படுகின்றது. அரிசிப்பசையால் உருவமைத்து அவுரியில் தோய்த்த கையலங்காரத் துணிகளும் அந்நாட்டின் புகழ்பெற்ற மரபாகும்.

யப்பானியர் விரும்பிய வேறொரு துணிவகை நமது கடலுடன் தொடர்புடையது. 1641 முதல் ஒல்லாந்தர் நாகசாக்கித் துறையில் வாணிகம் நடாத்தினர். அவர்கள் கொண்டுசென்றவற்றுள் சோழமண்டலக் கரையின் வண்ணந்தீட்டிய துணிகளும் அடங்கும். யப்பானியர் இவற்றைச் சரசா என்றனர். மயிலாப்பூரையடுத்த சாந்தோமின் பெயராலேயே அங்கு ஒருவகைக் கோட்டுத்துணி வழங்கலாயிற்று.

சோழமண்டலத் துணிகளின் சிவப்புக்கு ஆதாரமாயிருந்தது சாயவேர். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியிற் படிகாரக் கரைசலால் உருவந்தீட்டி, சாயவேருடன் கொதிக்கவைப்பர். படிகாரம் பட்ட இடத்திலேயே சிவப்பு நிலைத்து நிற்கும். ஏனைய இடங்கள் கழுவி வெயிலிலிட வெளுத்துவிடும்.

இவ்வேர் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மன்னார்க் கரையிலும் தோண்டப்பட்டது. அதனைத் தோண்டுங் கடமை ஒடுக்கப்பட்ட சாதிப்பிரிவொன்றின் மீது சுமத்தப்பட்டது. தொழிலையிட்டு அவர்கள் வேர்குத்திகள் எனப்பட்டனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இவ்வேரைத் தமது தனியுரிமைப் பண்டமாக்கினர். நெடுந்தீவை டெல்ப்ற் என்றும், வேலணைத் தீவை லைடன் என்றும் அவர்கள் பெயரிட்டமை பலரறிந்தது. வேர்குத்தியின் பெயரோ எவராலும் பேணப்படவில்லை.

இங்குள்ள முரண்பாடு மனங்கொளத்தக்கது. உலகச் சந்தைக்குச் சிவப்பைத் தோண்டியெடுத்த கைகளுக்குரியவன், சாயமேறாக் கந்தலையே அரையிற் கட்டினான். ஒடுக்கப்பட்ட சாதியினர் முழங்காலுக்குக் கீழே வேட்டி தாழ்த்தலும், தோளிற் சால்வையிடலும், அவர்தம் பெண்டிர் மேலுடை அணிதலும் யாழ்ப்பாணச் சமூகத்தில் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1960களின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஆலயப்பிரவேச, தேநீர்க்கடைப் போராட்டங்களும் இவ்வொழுங்கை உலுக்கியவற்றுள் முதன்மையானவை.

செயற்கைச் சாயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் சாயவேரின் சந்தையை அழித்தது. அருங்காட்சியகங்களில் வண்ணத்துணிகள் பேணப்படுகின்றன. உழைத்தவனின் கச்சை மக்கி மறைந்தது. ஆதலின் தீவக முதியோரின் நினைவிலுள்ள உடைவழக்குகளையும் தடைகளையும் தொகுத்தல் நம் ஆய்வாளர்தம் உடனடிக் கடமையாகும். துணி எஞ்சாதவிடத்து, அதனை அணிந்தோரின் சொல்லே சான்றாகும்.