கிராம சபையில் இளைஞருக்கும் இடமுண்டு

2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. சபை நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளை ஏற்றது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று, அதன் பாதுகாப்பு அவை 2250-ஆம் எண் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அமைதியை உருவாக்குவதில் இளைஞர்களுக்குப் பங்குண்டு என்பதற்காகவே அந்த அவை நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. அதன் ஐந்து தூண்களில் முதலாவது, முடிவெடுப்பதில் பங்கேற்பு.

நம் ஊர்களில் அந்தப் பங்கேற்பு எந்த அளவில் இருக்கிறது? இளைஞர்களிடம் நாம் உழைப்பைக் கேட்கிறோம்; கருத்தைக் கேட்பதில்லை. மரக்கன்று நடவும், பேரணியில் பதாகை பிடிக்கவும் அழைக்கிறோம். எந்த மரம், எந்த இடம், பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் திட்ட அலுவலராகச் சில ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை, அதற்கு மேல் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் நடைமுறை. ஒரு முகாமில் ஏரிக்குள் மண்டிக் கிடந்த சீமைக் கருவேல மரங்களை மாணவர்கள் வெட்டினார்கள். வேரோடு அகற்றாவிட்டால் அடிக்கட்டையிலிருந்து அது மீண்டும் துளிர்த்துவிடும். வேரை எடுக்கப் பொக்லைன் வேண்டும். பொக்லைனுக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு யாரோ ஒப்புதல் தர வேண்டும். 'இந்த ஏரி யார் பொறுப்பு, ஐயா?' என்று ஒரு மாணவி கேட்டார். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. அந்த முகாமின் சிறப்புச் சொற்பொழிவுகள் எவற்றையும்விட அந்தக் கேள்வி மேலானது.

அந்த மாணவி அதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. அரசமைப்புச் சட்டத்தின் 61-ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்தது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள் என்பது 73-ஆவது திருத்தத்தின் ஏற்பாடு. ஊராட்சித் தேர்தலில் போட்டியிட 21 வயதும், மக்களவைக்கு 25 வயதும் ஆக வேண்டும். கிராம சபையில் அமர்ந்து கணக்குக் கேட்கவோ 18 வயதே போதும். யாரும் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியதில்லை. இந்த உரிமையை என் வகுப்பில் அறிந்திருந்தவர்கள் மிகச் சிலரே.

அங்கே முடிவாவது சிறு தொகையும் அன்று. 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று பதினைந்தாவது நிதிக் குழு வரையறுத்தது. ஊராட்சியின் ஆண்டு வளர்ச்சித் திட்டம் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும்.

அமைதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்புண்டு. ஏரி மீன்பாசிக் குத்தகை, மயானப் பாதை, பொதுக்குழாய் என்று கிராமத்துப் பகைகள் பலவும் பொதுச் சொத்தில்தான் தொடங்குகின்றன. நான்கு பேர் மூடிய அறையில் முடிவெடுத்தால், மீதியை வாட்ஸ்ஆப் வதந்தி எழுதிக்கொள்கிறது. கையில் கழியோடு முன்னால் நிறுத்தப்படுபவன் இருபது வயதுப் பையன்.

கிராம சபைகள் எல்லாம் நியாயமாக நடக்கின்றன என்று நான் கூறவில்லை. 'சின்னப் பிள்ளைகளுக்கு இங்கென்ன பேச்சு' என்ற அதட்டல் இன்னும் இருக்கிறது. பட்டியலின இளைஞரும் இளம்பெண்களும் அங்கே எழுந்து பேசுவது எளிதன்று. தனியே போகாமல் பத்துப் பேராகச் செல்வதும், வரவு-செலவுக் கணக்கைப் படித்துவிட்டுச் செல்வதும் அதனால்தான் தேவை.

கல்லூரி வளாகத்தில் அரசியல் புகுந்துவிடும் என்று சில முதல்வர்கள் அஞ்சலாம். கிராம ஊராட்சித் தேர்தலே தமிழகத்தில் கட்சிச் சின்னமின்றித்தான் நடக்கிறது. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றில் நான்கு அரசு விடுமுறை நாள்கள் என்பதால், விடுதி மாணவர்கள் பலரும் ஊரில் இருப்பார்கள். (மார்ச் 22 மட்டும் தேர்வு நெருங்கும் காலம்.) கிராம சபையில் கலந்துகொள்ளும் நேரத்தை அந்த 120 மணியில் சேர்த்துக்கொள்ளலாம். முகாம் முடியும் நாளில் நன்றியுரையோடு, வேரோடு அகற்றுவதற்கான செலவு மதிப்பீட்டையும் ஊராட்சித் தலைவரிடம் மாணவர்கள் அளிக்கட்டும். அடுத்த கிராம சபையில் அது தீர்மானமானதா என்று அந்த ஊர் மாணவர் ஒருவர் பதிவேட்டைப் பார்த்துவந்து கல்லூரியில் சொல்லட்டும்.