விண்டோஸ் கணினியின் ஆடியோ பிளக்இன் மேக்கில் இயங்காதது ஏன்? இசைக் கோப்புகளைப் பாதுகாப்பது எப்படி?

புது டெல்லி: வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியில் பல வாரங்கள் உழைத்து உருவாக்கிய பாடலை, மிக்சிங் பணிக்காக மேக் கணினி கொண்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் திறக்கும்போது, பிளக்இன் காணப்படவில்லை என்ற எச்சரிக்கை தோன்றுகிறது. வயலின் ஒலிக்க வேண்டிய இடத்தில் மௌனமே மிஞ்சுகிறது. பாடலின் கோப்பு பழுதாகவில்லை. அது தேடும் பிளக்இன் அந்தக் கணினியில் இல்லை என்பதே காரணம்.

இந்தச் சிக்கல் மேக் பயனர்களிடையே மீண்டும் முக்கியத்துவம் பெற்றுள்ளது. இன்டெல் செயலிகளுக்காக எழுதப்பட்ட மென்பொருள்களை ஆப்பிளின் சொந்தச் செயலிகளில் இயக்க உதவும் 'ரோசெட்டா 2' வசதி, மேக்ஓஎஸ் 27 பதிப்பு வரை மட்டுமே பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் என ஆப்பிள் நிறுவனம் 2025 ஜூன் மாதம் அறிவித்தது. அதன்பின், புதுப்பிக்கப்படாத பழைய பிளக்இன்கள் புதிய மேக்ஓஎஸ் பதிப்புகளில் செயல்படாத நிலை ஏற்படும்.

பிளக்இன் என்றால் என்ன?

கியூபேஸ், லாஜிக் புரோ, ரீப்பர் போன்ற இசைத் தயாரிப்பு மென்பொருளுக்குள் இணைந்து செயல்படும் சிறு நிரலே பிளக்இன். ஒலியைச் சீரமைக்கும் ஈக்வலைசர், கம்ப்ரசர் முதல் பியானோ, தபேலா போன்ற மெய்நிகர் இசைக்கருவிகள் வரை அனைத்தும் இவ்வடிவில் கிடைக்கின்றன.

பிளக்இன் பொதுவாகத் தனித்து இயங்குவதில்லை. தாய் மென்பொருளின் நினைவகப் பகுதிக்குள் நுழைந்து அதன் ஓர் உறுப்பாகவே செயல்படுகிறது. எனவே இயங்குதளம், செயலியின் வகை, பிளக்இன் வடிவம் ஆகிய மூன்றும் தாய் மென்பொருளோடு பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் பிளக்இன் திறக்காது.

எத்தனை வடிவங்கள்?

ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1996ஆம் ஆண்டு அறிமுகம் செய்த விஎஸ்டி வடிவமே இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதன் மூன்றாம் தலைமுறையான விஎஸ்டி3, 2008ஆம் ஆண்டு வெளியானது. விஎஸ்டி2 வடிவத்துக்குப் புதிய உரிமங்கள் வழங்குவதை அந்நிறுவனம் 2018ஆம் ஆண்டு நிறுத்திக்கொண்டது.

ஆப்பிளின் லாஜிக் புரோ, ஆடியோ யூனிட்ஸ் வடிவத்தை மட்டுமே ஏற்கிறது. அவிட் நிறுவனத்தின் புரோ டூல்ஸ், ஏஏஎக்ஸ் வடிவத்தைக் கோருகிறது. லினக்ஸில் எல்வி2 வடிவம் புழக்கத்தில் உள்ளது. யு-ஹே, பிட்விக் நிறுவனங்கள் இணைந்து 2022ஆம் ஆண்டு வெளியிட்ட கிளாப், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்தநிலை வடிவமாகும்.

ஒரே வடிவம் என்பதால் எல்லாக் கணினிகளிலும் இயங்கும் என்று பொருளல்ல. விண்டோஸுக்கான விஎஸ்டி3 கோப்பும் மேக்கிற்கான விஎஸ்டி3 கோப்பும் பெயரில் ஒத்திருந்தாலும், அவற்றின் உள்ளே இருக்கும் இயந்திரக் குறிமுறை வேறு. ஒன்றை நகலெடுத்து மற்றொன்றில் வைப்பதால் பயனில்லை. அந்தந்த இயங்குதளத்துக்கான நிறுவல் கோப்பைத் தனியாகப் பெற வேண்டும்.

மாற்றங்களால் நேர்ந்த இழப்புகள்

2019ஆம் ஆண்டு வெளியான மேக்ஓஎஸ் கேட்டலினா, 32-பிட் மென்பொருள்களுக்கான ஆதரவை முற்றிலும் நீக்கியது. 64-பிட்டுக்கு மாற்றப்படாத பிளக்இன்கள் அன்றே பயனற்றுப் போயின. 2020 நவம்பரில் எம்1 செயலி வந்தபோது ரோசெட்டா 2 கைகொடுத்தது. இப்போது அதற்கும் முடிவு நெருங்குகிறது.

நிறுவனம் கைமாறுவதாலும் பிளக்இன் மறைவதுண்டு. கேமல் ஆடியோ நிறுவனத்தின் 'ஆல்கெமி' ஒரு காலத்தில் விண்டோஸிலும் விற்பனையானது. அந்நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியதைத் தொடர்ந்து, 2015 முதல் அது லாஜிக் புரோவின் பகுதியாக மாறியது. விண்டோஸ் பயனர்களுக்குப் புதிய பதிப்பு கிடைக்கவில்லை.

லினக்ஸில் வழி உண்டா?

ரீப்பர், பிட்விக் ஸ்டூடியோ, ஆர்டர் ஆகியவை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நேரடியாக இயங்குகின்றன. சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்ற சின்தசைசர் பிளக்இன்களும் மூன்றுக்கும் கிடைக்கின்றன. விண்டோஸுக்கு மட்டுமே உள்ள பிளக்இன்களை, வைன் மென்பொருளின் துணையோடு 'யாபிரிட்ஜ்' என்னும் இலவசக் கருவி லினக்ஸில் இயக்குகிறது. எனினும், நகல் தடுப்பு முறைகள் கொண்ட சில பிளக்இன்கள் இவ்வழியில் செயல்படுவதில்லை.

பயனர்கள் செய்ய வேண்டியவை

* வாங்கும் முன், உரிமம் எந்தெந்த இயங்குதளங்களுக்குச் செல்லும், எத்தனை கணினிகளில் பயன்படுத்தலாம் என்பதை உறுதி செய்ய வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே உரிமத்தில் விண்டோஸ், மேக் இரண்டுக்கும் அனுமதி அளிக்கின்றன. லினக்ஸுக்கான ஆதரவு குறைவு.

* இரு கணினிகளிலும் ஒரே தாய் மென்பொருள், ஒரே பிளக்இன் வடிவம், ஒரே பதிப்பு இருப்பது நல்லது. விஎஸ்டி3 கொண்டு உருவாக்கிய கோப்பு, ஆடியோ யூனிட்ஸ் மட்டுமே உள்ள கணினியில் தானாகப் பொருந்தாது.

* கோப்பை அனுப்பும் முன், ஒவ்வொரு டிராக்கையும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவ் கோப்பாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிளக்இன் விளைவோடு ஒரு நகலும், விளைவு இல்லாமல் மற்றொரு நகலும் எடுப்பது பாதுகாப்பானது. மிடி கோப்பையும், பாடலின் டெம்போ, சாம்பிள் ரேட் விவரங்களையும் உடன் சேர்க்கலாம்.

* நடந்துகொண்டிருக்கும் பணியின் நடுவே இயங்குதளத்தைப் புதுப்பிப்பதைத் தவிர்க்க வேண்டும். எல்லா பிளக்இன்களும் புதிய பதிப்பை ஆதரிப்பதாக அவற்றின் தயாரிப்பாளர்கள் அறிவித்த பிறகே அதனைச் செய்யலாம்.

* மேக் பயனர்கள், தம்மிடமுள்ள பிளக்இன்களில் எவை இன்னும் இன்டெல் செயலிக்கானவை என்று இப்போதே பட்டியலிட வேண்டும். அவற்றைப் பயன்படுத்திய பழைய பாடல்களைத் திறக்க முடிகிற காலத்திலேயே வேவ் கோப்புகளாக மாற்றிவிடுவது அவசியம்.

விஎஸ்டி3 வடிவத்தின் மேம்பாட்டுக் கருவிகளை ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 2025ஆம் ஆண்டு எம்ஐடி திறந்தநிலை உரிமத்தின்கீழ் வெளியிட்டது. இதனால் பல இயங்குதளங்களுக்கும் பிளக்இன் உருவாக்குவது சிறு நிறுவனங்களுக்கும் தனிநபர்களுக்கும் எளிதாகும். ஆனால், ஏற்கெனவே கைவிடப்பட்ட பிளக்இன்களுக்கு இது உயிர் கொடுக்காது. பிளக்இன் இல்லாமலே எந்தக் கணினியிலும் திறக்கும் வேவ் கோப்பே இன்றளவும் நம்பகமான சேமிப்பு முறையாக உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.