ஸ்விட்ச் சங்கிலி: ஏழு எங்கிருந்து வந்தது?

எங்கள் ஆலங்குளம் பக்கம் பட்டாசு ஆலைகளில் அறைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். கேமரா போடணும்னா செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் தாங்காது. அதனால் ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து இன்னொன்று என்று சரவெடி மாதிரி கோத்துக்கொண்டே போவார்கள். "ஏழுக்கு மேல கோக்கக் கூடாதாமே?" என்று கேட்பவர்களும் உண்டு.

அந்த ஏழு, ரேடியா பெர்ல்மன் 1985-ல் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ முறையோடு வந்தது. ஒரே தகவல் வட்டமடித்து நெட்வொர்க்கை அடைத்துவிடாமல் இருக்க, ஸ்விட்ச்கள் 2 விநாடிக்கு ஒருமுறை பேசிக்கொள்ளும். 20 விநாடி செய்தி வராவிட்டால் பாதையை மறுபடி கணக்கிடும். 802.1டி தரத்தின் இந்த நேரங்கள், எந்த இரு முனைக்கும் இடையே அதிகபட்சம் ஏழு ஸ்விட்ச் என்று வைத்துப் போட்டவை.

வட்டமே இல்லாத நேர்கோட்டில் எட்டாவதும் ஓடத்தான் செய்யும். மாற்றுப்பாதை இருக்கும் பெரிய நெட்வொர்க்கில்தான் வினை. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் இந்த வரம்பு மீறியதால் நெட்வொர்க் முடங்கி, சில நாட்கள் எல்லாம் காகிதத்தில் நடந்தது.

நேர்கோட்டுக்கு வேறு ஆபத்து: நடுவில் ஒன்று செத்தால் பின்னால் உள்ள கேமரா அத்தனையும் இருட்டு. விபத்து நேரத்தில் அதுதானே முக்கியம்? நடுவில் ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி ஃபைபர் என்று இழுங்கள். எங்கிருந்து எங்கே போனாலும் மூன்றே ஸ்விட்ச்தான்.