படம் வருது, சத்தம் வரலையா? பழைய ஹோம் தியேட்டரைப் புது டிவியோடு இணைப்பது எப்படி

புது டிவியில் படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் வசனம் மட்டும் பாட்டிக்கு விளங்கவில்லை. அவர் காதைக் குறை சொல்லாதீங்க. இன்றைய டிவிகள் மெலிந்துவிட்டதால் உள்ளே பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லை. இருக்கும் சின்ன ஸ்பீக்கரும் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோதான் பாடும். தகரக் கூரை மேல் மழை வேறு கொட்டினால் கேட்கவே வேண்டாம்.

அதே வீட்டு ஸ்டோரில் டிவிடி காலத்து ஹோம் தியேட்டர் ஒன்று தூசி படிந்து கிடக்கும். பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் வழிவிட்டபோது, சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் குடிவந்த குடும்பங்கள் பல, தோட்டத்து வீட்டுச் சாமான்களோடு சாமானாக இந்த மாதிரி செட்டையும் தூக்கி வந்தன. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நாட்டில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முழுமையாக நின்றது. டிவிகளும் மாறின. சிவப்பு-வெள்ளை ஆடியோ அவுட் துளை இப்போது பல டிவிகளில் கிடையாது. சிவப்பு-வெள்ளை-மஞ்சள் துளை இருந்தாலும் அது அனேகமாக 'இன்'. அதாவது வெளியிலிருந்து டிவிக்குள் வரும் வழி. நிறம் பொருந்துகிறதே என்று அதில் செருகிவிட்டு, செட் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. டிவியின் 'அவுட்'டிலிருந்து செட்டின் 'இன்'னுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

செட்டில் ஆப்டிக்கல் இன் இருந்தால் வேலை சுலபம். இது ஒளியாகச் சத்தத்தைக் கொண்டுபோகும் கேபிள். தோஷிபா 1983-இல் கொண்டுவந்தது, இன்னும் ஓடுகிறது. புது கேபிளின் இரு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். பிறகு டிவியின் சவுண்ட் செட்டிங்கில் வெளியீட்டை ஆப்டிக்கலுக்கு மாற்றுங்கள். அப்படியும் சத்தம் வரவில்லையா? டிஜிட்டல் வெளியீட்டை 'பிசிஎம்' என்று வையுங்கள். பிசிஎம்மில் இரண்டு சேனல்தான் போகும். 5.1 வேண்டுமென்றால் செட்டுக்கு டோல்பி டிஜிட்டல் புரிய வேண்டும், ஓடும் படத்திலும் அது இருக்க வேண்டும்.

எச்டிஎம்ஐ வழி கொஞ்சம் ஏமாற்றும். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இல்தான் ஏஆர்சி என்ற வசதி சேர்ந்தது, அதாவது டிவியின் சத்தம் அதே கேபிளில் செட்டுக்குத் திரும்பி வருவது. அதற்கு முந்திய டிவிடி செட்டில் எச்டிஎம்ஐ இருந்தாலும், படத்தை டிவிக்கு அனுப்புமே தவிர டிவி சத்தத்தை வாங்காது. ஏஆர்சி இரண்டு பக்கமும் இருந்தால், டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதிய துளையிலேயே செருகுங்கள். பக்கத்துத் துளை உதவாது. செட்டிங்கில் சிஇசியையும் ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

செட்டில் சிவப்பு-வெள்ளை 'ஆக்ஸ் இன்' மட்டும்தானா? டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் கேபிள் ஒன்று போதும். ஹெட்போன் துளையும் இல்லாவிட்டால், ஆப்டிக்கலை அனலாக்காக மாற்றும் சின்னப் பெட்டி கடையில் கிடைக்கும். இதற்கும் டிவியை பிசிஎம்மில்தான் வைக்க வேண்டும். புளூடூத் பாட்டுக்குச் சரி. படத்துக்கு வைத்தால் சில சமயம் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும்.

தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளைக் கடைக்காரர் காட்டினால் கும்பிடு போட்டுவிடுங்கள். சில மீட்டர் டிஜிட்டல் கேபிளில் சத்தம் ஒழுங்காக வரும், அல்லது விட்டுவிட்டு வரும். 'இனிமை' கூடாது.

ஸ்பீக்கர் ஒயரில்தான் கவனம் தேவை. செட்டை அணைத்துவிட்டுத் தொடுங்கள். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், பேஸ் காணாமல் போகும். செம்புக் கம்பி இழை ஒன்று எதிர்முனையைத் தொட்டால் ஆம்ப்ளிஃபையரே போய்விடலாம். பாட்டிக்கு வசனம் கேட்கணும் என்றால், நடு ஸ்பீக்கரை டிவிக்கு நேர் கீழே வைத்து அதன் அளவை மட்டும் கூட்டுங்கள். டிவியிலிருந்து இரண்டு சேனல்தான் வருகிறதென்றால், செட்டில் 'புரோலாஜிக்' போன்ற முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் நடு ஸ்பீக்கர் பேசும்.

'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிவிக்கும் செட்டுக்கும் எர்த் வழி வேறுபட்டால், செம்புக் கேபிள் வழியாக இந்த முனகல் ஏறும். இரண்டையும் ஒரே பிளக் பாயிண்டில் போட்டுப் பாருங்கள். ஆப்டிக்கலில் மின்சாரமே ஓடாததால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. இரைச்சலை நிறுத்த மூன்று முள் பிளக்கின் எர்த் ஒயரை வெட்டச் சொல்லும் 'நிபுணர்' எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீங்க, உயிருக்கே ஆபத்து. பழைய தோட்டத்து வீட்டில் எர்த் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தால், உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள்.

மாலையில் இடி முழங்க ஆரம்பித்தால் சுவிட்சை மட்டும் அணைப்பது பத்தாது. பிளக்கையும் ஏரியல் கேபிளையும் முன்கூட்டியே கழற்றி வையுங்கள். மின்னல் ஏரியல் வழியாகவும் டிவிக்குள் வரும், அங்கிருந்து செம்புக் கேபிளில் செட்டுக்கும் தாவும்.

எல்லாம் இணைத்தாச்சா? சண்டைப் படம் போட்டுச் சோதிக்காதீங்க. தமிழ்ச் செய்தி வாசிப்பை வைத்து, பாட்டியை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள்.