தேக்குக் காட்டில் இரண்டு ராத்திரி



"கேம்ப் போனியே, டென்ட்ல படுத்தியா?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஒவ்வொருத்தருக்காகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

பசுமைப் படையிலிருந்து நாங்கள் 12 பேர், இரண்டு டீச்சரோடு டாப்ஸ்லிப் போனோம். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலை ஏறணும். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இடம். யானையும் காட்டெருமையும் நடமாடுவதால் டென்ட் கிடையாது, வனத்துறை விடுதியில்தான் படுக்கணும். இருட்டினால் கதவைத் தாண்டக்கூடாது. நம்ம வண்டலூர் ஜூவில் மிருகங்கள் அடைப்புக்குள்ளே, நாம வெளியே. இங்கே நாம அடைப்புக்குள்ளே!

டாப்ஸ்லிப் என்று ஏன் பெயர்? வெள்ளைக்காரர் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி, யானைகளை விட்டு இழுத்து வந்து, மலை உச்சியிலிருந்து சறுக்கி விடுவார்களாம். தேக்கில் ஒருவித எண்ணெய் இருப்பதால் கரையான் அரிக்காது, தண்ணீரில் சீக்கிரம் மக்காது. அதனால் கப்பலுக்கும் ரயில்பாதைக் கட்டைக்கும் தேக்குதான். வெட்டி வெட்டிக் காடே மொட்டையாகும் நிலைமை வந்துவிட்டது.

அப்போது, 1915இல், ஹியூகோ உட் என்ற வன அதிகாரி வந்தார். மரத்தை வேரோடு எடுக்காதீர்கள், அடிக்கட்டையை விட்டு வெட்டுங்கள் என்றார். கட்டையிலிருந்து மறுபடி துளிர் வரும். நம்ம வீட்டு முருங்கையை வெட்டிவிட்டால் தழைக்கிறதே, அதே மாதிரி. நிறைய துளிர் வந்தால் நல்லதாக ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் புதுக் கன்றைவிட வேகமாக வளரும். இதற்கு மறுதாம்பு என்று பெயர். அவர் நடக்கும்போது பை நிறைய தேக்கு விதை வைத்துக்கொண்டு, கைத்தடியால் குழி குத்திப் போட்டுக்கொண்டே போவார் என்றும் சொல்கிறார்கள். 1933இல் இறந்தார். அவர் கல்லறை அங்கேயே தேக்கு மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. என் நினைவுச் சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீன் மொழியில் எழுதியிருக்கிறது. நாங்களும் சுற்றிப் பார்த்தோம். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

மறுநாள் பரம்பிக்குளம் போனோம். அது கேரளா, ஆனால் பாதை டாப்ஸ்லிப் வழியாகத்தான். தூணக்கடவு பக்கம் கன்னிமரா தேக்கு நிற்கிறது. வயது 400க்கு மேல். சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். நாங்கள் 5 பேர் கை கோத்துத்தான் கட்டிப்பிடிக்க முடிந்தது. முன்னொரு காலத்தில் கோடாலி போட்டதும் மரத்திலிருந்து ரத்தம் வந்ததாம். பயந்துபோய்க் கும்பிட்டுவிட்டு, வெட்டாமல் விட்டுவிட்டார்களாம். வாட்ச்சர் அண்ணா ஒரு தேக்குக் கொழுந்தைக் கையில் கசக்கிக் காட்டினார். உள்ளங்கை சிவந்துவிட்டது! அந்தக் கதை இப்படித்தான் வந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது.

ராத்திரி டீச்சர் ரெட்வுட் மரத்தைப் பற்றிச் சொன்னாங்க. அது நம்ம செம்மரம் இல்லை, வேறே. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஈல் ஆற்றங்கரையில் காடாக நிற்கிறது. அந்த மாநிலத்தில் இருக்கும் மிக உயரமான ரெட்வுட் சுமார் 115 மீட்டர். நம்ம எல்.ஐ.சி. கட்டிடத்தை இரண்டு அடுக்கினாலும் எட்டாது. அங்கேயும் கண்டபடி வெட்டினார்கள். 1918இல் ஒரு சங்கம் ஆரம்பித்து, பணம் திரட்டிக் காட்டை விலைக்கு வாங்கிப் பூங்காவாக்கினார்கள். அங்கே இப்போது மரத்தடியில் டென்ட் போட்டுத் தங்கலாம். ரெட்வுட்டும் வெட்டின கட்டையிலிருந்து துளிர்க்குமாம்.

இதைக் கேட்டதும் எனக்கு நம்ம பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு வேப்பங்கட்டை இருக்கிறதே, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முறிந்த மரம். அது செத்துப்போகவில்லை. வருஷா வருஷம் துளிர்க்கிறது. ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது ஒடிக்கிறோம். அம்மை போட்டால் ஒடிக்கிறோம். சும்மா உட்கார்ந்து பேசும்போதும் ஒடிக்கிறோம். நானும்தான் ஒடித்திருக்கிறேன்.

போன திங்கள்கிழமை அதில் 9 துளிர் எண்ணினேன். நல்லதாக இரண்டுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன். வேப்பிலை வேண்டுமென்றால் மற்ற ஏழில் பறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டை மட்டும் தொடாதீர்கள். நாங்கள் பத்தாவது முடித்துப் போகும்போது அது நம்ம உயரத்தைத் தாண்டியிருக்கும். இப்போது ஆறாவது படிக்கும் தம்பி தங்கைகள் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

"மரம் வளர்ப்போம்" என்று சுவரில் எழுதியிருக்கிறோம். இந்த மரத்தை வளர்க்கக்கூட வேண்டாம், ஒடிக்காமல் இருந்தால் போதும்.

– 9ஆம் வகுப்பு மாணவி, பசுமைப் படை