பீடிக்கும் காசநோய்க்கும் என்ன உறவு?

சிகரெட் என்றால் புற்றுநோய். தியேட்டரில் படம் தொடங்குமுன் வரும் எச்சரிக்கை அதைச் சொல்லிச் சொல்லி நமக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான சங்கதி. இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்தார். அவருடைய மூக்குப்பொடிப் பழக்கம் ஊரறிந்தது. காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான்.

ஆனால் இங்கே நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் பீடி குடிக்கிற ஒருவரிடம் காசநோயைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும் என்பேன். அதற்கான சான்றைத் தேடி அமெரிக்கா போகவேண்டியதில்லை. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்த் திரட்டிய சான்று அது. வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ, பிரபாத் ஜா, மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் டி.எஸ். கனகா ஆகியோர் சேர்ந்து செய்த ஆய்வு 2003-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. இறந்துபோன 43,000 ஆண்களின் வீட்டாரிடம், அவர் என்ன நோயில் போனார், புகைத்தாரா என்று விசாரித்தார்கள். உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு அதை ஒப்பிட்டார்கள். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோய்க்குப் பலியாகும் ஆண்களில் பாதிப்பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம் என்றது ஆய்வு. கிராமத்தில் அவர்கள் இழுத்தது பெரும்பாலும் பீடி.

காரணம் விளங்காததல்ல. மூச்சுக்குழாயின் உட்பரப்பில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் தூசியையும் கிருமியையும் சளியோடு வெளியே தள்ளுகின்றன. புகை அவற்றை முடக்குகிறது. நுரையீரலில் கிருமியை விழுங்கும் செல்களையும் தளர்த்துகிறது. உடலுக்குள் தூங்கிக்கொண்டிருந்த காசநோய்க் கிருமி விழித்துக்கொள்கிறது. தறி ஓடும் அறையிலேயே சமைத்துத் தூங்குகிற சின்ன வீட்டில் ஒருவர் இருமினால் அந்தக் காற்று எல்லோருக்கும் பங்கு.

பிறகு ஏன் விடமுடியவில்லை? இழுத்த புகையிலுள்ள நிகோடின் பத்து இருபது விநாடிகளில் மூளைக்குப் போய் டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. ரத்தத்தில் ஏறியதில் பாதி, சுமார் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். உடனே எரிச்சல், கவனச்சிதறல். சேலையின் உடலோடு கரையை இணைக்கும் கோர்வை வேலையில் கவனம் தப்பினால் சேலை போச்சு. “ஒரு பீடி போட்டுட்டு வந்தாத்தான் கை ஓடும்” என்று எழுந்து போகிறவருக்கு அந்தப் பீடி தெம்பு எதையும் புதிதாகத் தரவில்லை. போன பீடி விட்டுப்போன பள்ளத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான். பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குகிற மாதிரி.

பட்டு விரிந்திருக்கும் தறிக்குழியில் நெருப்பு ஆகாது. வாயில் அடக்கும் புகையிலைக்கு அந்தத் தடை இல்லை. சுண்ணாம்பு சேர்ந்தால் நிகோடின் கன்னத்தின் உட்தோல் வழியே எளிதில் இறங்கும். மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பெரியவர்களில் புகைப்பவர்கள் சுமார் பத்தில் ஒருவர். புகையில்லாப் புகையிலை போடுபவர்களும் ஏறக்குறைய அதே அளவு.

வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்கு மாறலாமே என்றால், அதைத் தமிழக அரசு 2018-லும் மத்திய அரசு 2019-லும் தடை செய்தன. விற்றுப் பிடிபட்டால் முதல்முறையே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே 2019-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் சிகரெட்டைத் தொடவில்லை. நிகோடின் கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை போன்றவற்றை வாங்கியவர்களில் 9.9 சதவீதம். ஆனால் அப்படி விட்டவர்களில் 80 சதவீதம் பேர் வேப்பை மட்டும் விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளை நினைத்தால் தடை சரிதான். பெட்டிக்கடையில் பீடிக்கட்டு தாராளமாகத் தொங்கும்போது கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது.

விட நினைப்பவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் கடும் அவஸ்தை; இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும். 1800 11 2356 என்ற தேசிய உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் சீட்டில்லாமலே கிடைக்கும். சூயிங்கம் போல ஓயாமல் மெல்லக் கூடாது. நாலைந்து கடி கடித்து, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்கவேண்டும். காரம் அடங்கினால் மறுபடி கடிக்கலாம். டீ, காபி குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக இறங்காது. கால் மணி நேரம் விட்டுப் போடுங்கள்.